வக்கீலுக்கு முன்னங்கால் ரெண்டும் வெள்ளை

உக்காருங்க. டீயைக் கையில வாங்கிக்கிட்டு இப்படிக் கொட்டகை நிழலுக்குள்ள வந்து உக்காருங்க. வேலைக்கு வந்து மூணு நாள் ஆகல, அதுக்குள்ள புதுசா வாரவங்க எல்லாரும் கேக்குற கேள்வியைக் கேட்டுட்டிய. அந்தத் தண்ணித்தொட்டி ஓரமாப் படுத்திருக்கே கறுப்பு நாயி, அதுக்கு ஏன் முன்னங்கால் ரெண்டுலயும் துணி சுத்தியிருக்கு, துணிக்கு மேல தெரியுற ரோமம் மட்டும் ஏன் உப்பு மாதிரி வெள்ளையா இருக்கு. அதான? சொல்லுதேன். ஆனா இப்படி மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேட்டா எனக்குச் சிரிப்புல்லா வருது. நீங்க என்ன கதை எதிர்பாக்கியன்னு எனக்குத் தெரியாதா? எசமான் செத்துப்போனாரு, நாயி சுடுகாட்டுலயே போய்ப் படுத்துக்கிட்டு, பச்சத்தண்ணி பல்லுல படாம பதினாறாம் நாள் அதுவும் போய்ச் சேந்துட்டு. அந்தா, அந்த ஓரத்து அக்கா இப்பவே முந்தானையைக் கையில எடுத்துட்டாவ. கீழ விடுங்கக்கா. எசமான் சாகல. மூணாவது பாத்தியில பலகையைப் போட்டு உப்பு வாரிக்கிட்டு நிக்கானே சிவப்புத் துண்டுக்காரன், லிங்கதுரை, அவன்தான் எசமான். நேத்துக்கூட எட்டு புரோட்டா சாப்பிட்டான்.

இந்தத் தம்பி மூஞ்சி வேற கதை சொல்லுது. தொட்டில்ல பிள்ள, பக்கத்துல நல்லபாம்பு, நாயி ஒரே பாய்ச்சல். ஏல தம்பி, இந்த உப்புக்குள்ள பாம்பு வந்தா அர நாள்ல கருவாடு. எசமானும் சாகல, பாம்பும் வரல. எந்திரிச்சுப் போயிறலாமா? பாத்தியளா, போகச் சொன்னா ஒருத்தரும் அசைய மாட்டேங்கிறிய.

நான் சொல்லுறதுல ஒரு சொல்லு பொய்யின்னாலும், அந்தா உப்புக் குவிச்ச அம்பாரத்துக்குப் பக்கத்துல உக்காந்து சாக்கு வாயைத் தைக்காவளே பிச்சம்மா மயினி, அவிய அந்தக் கோணி ஊசியாலயே என் வாயையும் சேத்துத் தைச்சிரட்டும். மயினி, சரிதான? பேச மாட்டாவ. இருபது வருசமா அவியளுக்குச் சாக்கோடதான் பேச்சு. எங்க சொந்தத்துல எனக்கு அண்ணன் பொஞ்சாதி முறை, அண்ணன்கிட்டயே அளந்துதான் பேசுவாவ.

என்னக்கா, என் பூட்ஸைப் பாக்கிய? டீ குடிக்கையிலயாவது கழட்டலாம்லான்னா? நம்ம ஆளுக எல்லாம் சாயங்காலம் அந்தத் தொட்டியில காலைக் கழுவிட்டுச் செருப்பைப் போட்டுக்கிட்டுப் போவாவ, நான் மட்டும் பூட்ஸோட வீட்டுக்குப் போவேன். என் பொஞ்சாதிக்கு இந்தச் சத்தம் பிடிக்கும். போலீஸ்காரனைக் கட்டிக்கிட்ட மாதிரி இருக்காம்.

சரி, நாயிக்கு வருவோம். அது பேரு வக்கீலு.

லிங்கதுரை அதைக் குட்டியா எடுத்துட்டு வந்தப்ப வேற ஏதோ பேருதான் வச்சான், ஆனா பேரு நிக்கல, ஏன்னா அந்தக் குட்டி வந்த மூணாம் நாளே லிங்கதுரை பொஞ்சாதி செண்பகக்கனி பிள்ளையை அடிக்கக் கையை ஓங்கினப்ப நடுவுல போய் உக்காந்துக்கிட்டு. கடிக்கல, உறுமல. பிள்ளைக்கு முதுகைக் காட்டி, செண்பகக்கனி மூஞ்சியைப் பாத்து ஒரே ஒரு குரை. உவ். நிறுத்திட்டு, பதில் ஏதும் வருதான்னு காதை நிமித்திக்கிட்டு இருந்துச்சு. பதில் இல்லன்னதும் இன்னொண்ணு. உவ். ஓங்கின கை எத்தனை நேரம் மேலயே நிக்கும்? அதுலேர்ந்து அந்த வீட்டு ஆளை யாரு திட்டினாலும் நடுவுல அது இருக்கும். லிங்கதுரையைக் கணக்கப்பிள்ளை திட்டினா கணக்கப்பிள்ளையைப் பாத்து, செண்பகக்கனியை லிங்கதுரை திட்டினா லிங்கதுரையைப் பாத்து. சோறு போடுற கையின்னு ஒரு சலுகையும் கிடையாது. பேரு வைக்கணுமா என்ன, தானா வந்துச்சு.

அப்ப அது முழுக் கறுப்பு. ஒரு வெள்ளை ரோமம் கிடையாது. இதை ஞாபகம் வச்சுக்கிடுங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், செண்பகக்கனி கொதிக்கக் கொதிக்க இறக்கி வச்ச கஞ்சிப்பானையில மக முப்பிடாதி, அப்ப ஆறு வயசு, கால் தட்டி விழுந்து, பானை சரிஞ்சு, அம்புட்டுக் கஞ்சியும் பிள்ளை தொடையில. அம்மாக்காரி அலறிக்கிட்டு ஓடிப்போய்த் தூக்குதா, பிள்ளை தொடையில ஒட்டியிருந்த பருக்கையை எடுத்து வாயில போட்டுக்கிட்டு, "சூடாவே இல்லம்மா"ங்குது. வெளிய உடைமரத்தடியில படுத்திருந்த வக்கீலு ஒரு தடவை முனகிச்சு. போய்ப் பாத்தா அதுக்குப் பின்னந்தொடையில கையகலத்துக்குத் தோல் கொப்புளிச்சுக் கிடக்கு. செண்பகக்கனி என்ன செஞ்சா? அடுப்புல மறு உலை வச்சா, பிள்ளைக்குத் தடவ எடுத்த மருந்தை நாயிக்குத் தடவினா. புண்ணு ஆறினப்ப அந்த இடத்துல முளைச்ச ரோமம் வெள்ளை.

அதுக்கப்புறம் லிங்கதுரை கால். உங்க கால்ல மூணு நாள்ல என்ன ஆயிருக்குன்னு பாத்துக்கிடுங்க, அதைப் பன்னிரண்டு வருசத்தால பெருக்குங்க. உப்புத்தண்ணி அறுத்த வெடிப்பு, வெடிப்புக்குள்ள உப்பு, உப்புக்கு மேல மறுபடி வெடிப்பு. அப்ப எங்களுக்கு பூட்ஸு, அதுவும் வருசத்துக்கு ஒரு ஜோடி, ஓட்டையோட வரும். எங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு நொண்டி உண்டு, முகம் மாதிரி. தங்கப்பழம் குதிகாலை ஊனாம வாத்து மாதிரி நடப்பான். பிச்சம்மா மயினி இடது காலைத் தூக்கித் தூக்கி, சகதியில நடக்குற கொக்கு மாதிரி. நாப்பத்திரண்டு பேரு நொண்டியும் எனக்குப் பாடம், நான் நடந்து காட்டினா, கண்ணை மூடிக்கிட்டுச் சத்தத்தைக் கேட்டா யாரோட நடைன்னு ஒரிஜினலுக்கே சந்தேகம் வந்துரும். அப்படி நொண்டிக்கிட்டு இருந்த லிங்கதுரை ஒரு காலையில மாப்பிள்ளை அழைப்புக்குப் போறவன் மாதிரி நேரா நடந்து வாரான். பின்னால வக்கீலு, காலைத் தரையில வைக்கலாமா வேண்டாமான்னு யோசிச்சு யோசிச்சு வருது.

நாங்க அதிசயப்பட்டோம்னா நினைக்கிய? அதிசயப்பட எங்க நேரம்? எப்படி நம்மளும் அந்தக் கணக்குல சேருறதுன்னுதான் பாத்தோம். லிங்கதுரை கூடப் பிறந்த தம்பி பக்கத்து வீடுதான், அவன் கால் புண்ணு அப்படியே இருக்கு. செண்பகக்கனி அண்ணன் வேற ஊர்க்காரன், ஆனா சாப்பாடு லிங்கதுரை வீட்டுல, அவன் கால் ஆறிட்டு. ஆக ரத்தம் இல்ல, பானை. அந்தப் பானைக் கஞ்சியைக் குடிச்சவன் அந்த வீட்டு ஆளு. மறுநாள் பத்து மணி டீக்கு இதே கொட்டகையில செண்பகக்கனி தூக்குவாளிக்கு முன்னால நாப்பது டம்ளரு.

அவ குடுத்தா. தாகம்னு வந்தவங்களுக்கு இல்லைங்கிற வார்த்தை அவ வாயில வராது. அன்னையிலேர்ந்து இந்த உப்பளமே ஒரு குடும்பம். பாத்தி வரப்புக்காகப் பத்து வருசம் பேசாம இருந்த ரெண்டு பேரு, ஒரே பானைக் கஞ்சியைக் குடிச்சுட்டோமே இனி எப்படி முறைக்கிறதுன்னு மச்சான் மச்சான்னு கூப்பிட்டுக்கிட்டாங்க. காதலிச்சுக்கிட்டு இருந்த ஒரு சோடி, ரெண்டு பேரும் குடிச்சா அண்ணன் தங்கச்சி ஆயிருவோமோன்னு பயந்து, பொண்ணு மட்டும் குடிச்சா. பையன் தாலி கட்டுற வரைக்கும் தன் புண்ணோடயே நொண்டினான், கட்டின அன்னைக்கு சாயங்காலமே டம்ளரோட வந்துட்டான்.

நானும் குடிச்சேன். எனக்குச் சக்கரை. ரெண்டு கால்லயும் ஆறாத புண்ணு, வலது கால்ல ரெண்டு விரலை எடுத்தாகணும், விட்டா மேல ஏறிரும்னு டாக்டரு தேதியே குறிச்சுக் குடுத்திருந்தாரு. நான் ரெண்டு டம்ளர் குடிச்சேன். அந்தத் தேதி வந்துச்சு, போச்சு, விரலு இருக்கு.

கணக்கப்பிள்ளை ஞானதிரவியம் இருக்காரே, மூக்கால பேசி, ஒவ்வொரு பேச்சுக்கும் வாலு மாதிரி ஒரு 'சரியா' ஒட்டுவாரே, அவரு எங்க கூட வரிசையில நிப்பாரா? யாரும் இல்லாத நேரம் வாளியைத் திறந்து ஒரு வாய் குடிச்சுட்டு வாயைத் துடைச்சுக்கிட்டாரு. பதினஞ்சு வருச இடுப்பு வலி, குனிஞ்சு செருப்பு மாட்ட முடியாத மனுசன், மறுநாள் குனிஞ்சு உப்பை அள்ளிப் பாக்காரு. பாத்துட்டு நேரா எங்ககிட்ட வந்தாரு. "இந்த வருசம் பூட்ஸு எதுக்கு, நாயி இருக்குல்லா, சரியா? கூலிங் கிளாஸு எதுக்கு, நாயிக்குக் கண்ணு இருக்குல்லா, சரியா?" நாங்களும் தலையை ஆட்டினோம். சரியாத்தானே இருக்கு.

வக்கீலு எங்க கூடயே அளத்துக்கு வரும், இந்தத் தொட்டி ஓரமாப் படுக்கும். நாங்க ஒவ்வொருத்தரா பாத்தியில இறங்க இறங்க அதோட பாதம் ஒவ்வொரு கோடா வெடிக்கும், நாங்க பலகையை இழுக்க இழுக்க அதோட முதுகு வில்லா வளையும், வெயில் உப்புல பட்டுத் தெறிச்சு எங்க கண்ணுல விழ விழ அதோட கண்ணுல தண்ணி வடியும், ஒரு சத்தம் போடாது. சாயங்காலம் நாங்க கரையேறுறப்ப மட்டும் எந்திரிச்சு வழியில நிக்கும். ஒவ்வொருத்தர் காலையும் மோந்து பாக்கும். நாப்பத்திரண்டு பேரு, எம்பத்துநாலு காலு, ஒண்ணு விடாது. எல்லாம் ஆறியிருக்குன்னு தெரிஞ்ச பெறகுதான் வாலை ஆட்டும். அதைப் பாத்தவனுக்கு, சத்தியமாச் சொல்லுதேன், கோயில்ல நடை திறக்கையில நிக்கிற மாதிரி கை தானா குவிஞ்சிரும். பொம்பளைய அதுக்கு மஞ்சள் தண்ணியில கால் கழுவி விட்டாவ. செவ்வாக்கிழமை சாமந்தி மாலை. வேலைக்கு இறங்குமுன்ன அதோட நெத்தியைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிடாத ஆளு இல்ல.

ஆளுக்கு ஒரு திட்டா அதுக்கு ரோமம் வெளுத்துக்கிட்டே வந்துச்சு. பங்குனி முடியுறதுக்குள்ள முழு நாயும் வெள்ளை. உப்பு அம்பாரத்துக்கு முன்னால நடந்து வந்தா நாயியே தெரியாது, ரெண்டு கண்ணும் ஒரு மூக்கும் மட்டும் தனியா மிதந்து வரும். லாரிக்காரங்க வண்டியை நிப்பாட்டிக் கும்பிட்டுட்டுப் போனாவ. 

செண்பகக்கனி மட்டும் கும்பிடல. அவ மடியில அதோட தலையை வச்சுக்கிட்டுப் பாதத்துல எண்ணெய் போடுவா. ராவும் பகலும் அதை எண்ணிக்கிட்டே இருந்தவ அவதான், இன்னைக்கு எத்தனை வெடிப்பு, நேத்து எத்தனை.

பெறகு தங்கப்பழம் மேல மூட்டை விழுந்துச்சு. லாரிக்கு அடுக்கின வரிசை சரிஞ்சு, பன்னிரண்டு மூட்டை, ஒரு ஆளைத் தோசை ஆக்குற பாரம். நாங்க ஓடிப்போய் இழுத்தா, அவன் தூசியைத் தட்டிக்கிட்டு எந்திரிச்சு, "எங்கல என் பீடிக்கட்டு"ங்கான். எல்லாரும் சிரிச்சோம். சிரிச்சு முடிக்குமுன்ன இந்தக் கொட்டகையிலேர்ந்து செண்பகக்கனி கத்துறது கேட்டுச்சு. வக்கீலுக்கு விலா மூணு உள்ள போயிருந்துச்சு.

அன்னைக்கு அவ எங்களை நிக்க வச்சுக் கேட்டா. "அடுத்த தடவை உங்கள்ல ஒருத்தருக்குச் சாவு வந்தா, சாகப்போறது யாரு?"

எல்லாரும் அவனவன் காலைக் குனிஞ்சு பாத்தோம். நான்கூட.

"சொல்லுங்கண்ணே. சாகப்போறது யாரு?"

வாளியை மூடிட்டா. ஆனா குடிச்ச கஞ்சியைத் திரும்ப வாங்க முடியுமா, பாதம் வெடிச்சுக்கிட்டேதான் இருந்துச்சு. லாரியில ஏத்தி அறுபது கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போய் விட்டோம், மூணாம் நாள் திரும்பி வந்து வழியில நின்னு எங்க காலை மோந்து பாத்துச்சு. மாட்டாஸ்பத்திரி டாக்டரு வந்து பாத்துட்டு, "இதுக்கு ஒரு சீட்டு எழுத முடியாதும்மா, நாப்பது சீட்டுல்லா எழுதணும்"னு பேனாவை மூடிட்டாரு.

வழி சொன்னது லிங்கதுரைதான். எங்க ஆளுகள்ல புருசன் பொஞ்சாதிக்கு ஒத்து வரலன்னா கோர்ட்டுக்குப் போறதில்ல, நாலு பேரு முன்னால ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டு, உனக்கும் எனக்கும் ஒண்ணும் இல்லன்னு சொன்னா அத்துப்போச்சு. லிங்கதுரையோட அக்கா அப்படி வந்தவ. "தாலி கட்டின உறவே ஒரு துரும்புல போகுதுன்னா, கஞ்சி குடிச்ச உறவு போகாதா?" அப்படின்னான். ஒரே நிபந்தனை, மூஞ்சிக்கு நேரா, அவனவன் வாயால சொல்லணும், ஆளு வச்சுச் சொன்னா செல்லாது.

வெள்ளிக்கிழமை காலையில எல்லாரும் இங்கன கூடினோம். கூடினோமே தவிர ஒருத்தரும் முன்னால வரல. "ஒரு நாயிக்காக நான் மறுபடி நொண்டணுமா"ன்னு ஒருத்தன். "முதல்ல பூட்ஸு குடுக்கச் சொல்லு, பெறகு பாப்போம்"னு ஒருத்தி. "நீ போ", "நீ போயேன்". நாங்க பெரிய மனுசங்க இப்படிப் பேசிக்கிட்டே இருக்கையில, பள்ளிக்கூட யூனிபாரத்தோட நின்ன முப்பிடாதி விறுவிறுன்னு போய் வக்கீலு முன்னால குத்தவச்சா. கையில விளக்கமாத்துக் குச்சி. எட்டு வயசு.

"வக்கீலு, இங்க பாரு. நீ எங்க நாயி இல்ல. எனக்கும் உனக்கும் ஒண்ணும் இல்ல."

கிள்ளிப் போட்டா. போட்ட மறு நொடி பாவாடைக்கு மேலயே தொடையை ரெண்டு கையாலயும் அமுக்கிக்கிட்டா. ரெண்டு வருசத்துக்கு முந்தின கஞ்சிச்சூடு, இப்பத்தான் அடுப்புலேர்ந்து இறக்கின மாதிரி அவ தொடையில இறங்கியிருக்கு. அழல. உதட்டைக் கடிச்சுக்கிட்டு நிக்கா. அழுதா அது ஓடி வந்துரும்லா, அதுக்காக. வக்கீலு குச்சியை மோந்து பாத்துச்சு, அவளைப் பாத்து வாலை ஆட்டிச்சு, அதோட பின்னந்தொடையில தண்ணியில மை விழுந்த மாதிரி ஒரு கறுப்பு பரவிச்சு. செண்பகக்கனி கையில மருந்தை வச்சுக்கிட்டு நின்னா. ரெண்டு வருசத்துக்கு முன்ன பிள்ளைக்குன்னு எடுத்து நாயிக்குத் தடவின அதே மருந்து, இப்பத்தான் பிள்ளைக்குப் போச்சு.

அதுக்கு மேல நிக்க எவனுக்கு முகம் இருக்கு? வரிசை தானா வந்துச்சு. லிங்கதுரை சொன்னான், அவன் பாதம் நாங்க பாத்துக்கிட்டு இருக்கும்போதே பன்னிரண்டு வருசத்துக்குப் பிளந்துச்சு. செண்பகக்கனி சொன்னா, குரலே வரல, உதடு அசைஞ்சதுதான், அது போதுமா இருந்துச்சு. தங்கப்பழம் சொல்லிட்டு விலாவைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தான், ஆட்டோவுல ஏத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், போறப்பவும் நாயி இருக்குற பக்கம் கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டே போனான். பிச்சம்மா மயினி துரும்பைக் கிள்ளிப் போட்டுட்டு அந்தக் கொக்கு நடையோட திரும்பி வந்தாவ. ஒவ்வொருத்தர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு திட்டா இருட்டு வந்துச்சு. யாரு வேண்டாம்னு சொன்னாலும் அது அவங்களைப் பாத்து வாலை ஆட்டிச்சு. நாப்பது தடவை வேண்டாம்னு சொல்லி நாப்பது தடவை வாலாட்டு வாங்கினோம். கொட்டகையில அழாத ஆளு கிடையாது.

அப்ப என் முறை வந்துச்சு. எனக்கு டைமிங் தெரியும்லா. இப்படியே விட்டா அம்புட்டுப் பேரும் அழுதே கருவாடு ஆயிருவாங்க. துரும்பைக் கிள்ளினேன். நெஞ்சை நிமித்தி, மூக்கைச் சுருக்கி, அப்படியே நம்ம கணக்கப்பிள்ளை: "உனக்கும் எனக்கும் ஒண்ணும் இல்ல, சரியா?"

கொட்டகையே அதிர்ந்துச்சு. அன்னைக்கு முதல் சிரிப்பு அதுதான். செண்பகக்கனிகூட கண்ணைத் துடைச்சுக்கிட்டே சிரிச்சா. வக்கீலு என்னைப் பாக்கவே இல்ல, தலையைத் திருப்பி நாற்காலியில இருந்த கணக்கப்பிள்ளையைப் பாத்து வாலை ஆட்டிச்சு. இதுல உச்சம் என்னன்னா, அந்நேரம் பாத்து அவரு "ஆ"ன்னு இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நாற்காலியோட சாயுதாரு. இந்த டைமிங் எந்த மேடையிலயும் எனக்கு அமையாது. ஜனம் உருண்டு பிரண்டு சிரிச்சுது. நானும் காலை இழுத்து இழுத்து நொண்டிக்கிட்டே அந்தப் பக்கம் போனேன்.

மறுநாள்லேர்ந்து பூட்ஸு வராம பாத்தியில இறங்க மாட்டோம்னு உக்காந்தோம், நாலாம் நாள் வந்துச்சு, ஓட்டை இல்லாம, கண்ணாடியோட. இடுப்பு வலிக்காரரு எங்களுக்காக முதலாளிகிட்டப் பேசினாருன்னாப் பாத்துக்கிடுங்க.

வக்கீலு? அதுக்குத்தான் நாங்க யாரும் இல்லையே, எங்கயாவது போயிரும்னு நினைச்சோம். சனிக்கிழமை காலையில ஆறு மணிக்கு எங்களுக்கு முன்னால வழியில நிக்குது. வேண்டாம்னு சொன்ன நாப்பது வாய்க்குப் பின்னாலயும் நடந்து அளத்துக்கு வந்து, இந்தத் தொட்டி ஓரமாப் படுத்துக்கிட்டு. அன்னையிலேர்ந்து வாதாடுற தொழிலை மட்டும் விட்டுட்டு. லிங்கதுரையைக் கணக்கப்பிள்ளை திட்டுவாரு, செண்பகக்கனி முப்பிடாதியை அதட்டுவா, அது ஒரு கண்ணைத் திறந்து பாத்துட்டு மறுபடி மூடிக்கிடும். அத்துவிட்டாச்சுல்லா, கேஸு இல்ல.

உடம்பு முழுக்கக் கறுப்பு திரும்பிட்டு, இந்த முன்னங்கால் ரெண்டைத் தவிர. அதுமட்டும் வெள்ளையாவே நின்னுட்டு, புண்ணும் ஆறல. ஏன்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. அது நாயியோட சொந்தப் புண்ணும்பான் ஒருத்தன். அம்மன் அடையாளத்துக்கு விட்டு வச்சிருக்காம்பா ஒருத்தி. செண்பகக்கனி தினம் துணி மாத்துதா. போன வாரம் மாட்டாஸ்பத்திரி டாக்டரு பாத்துட்டு, புண்ணு மேல ஏறுது, ஐப்பசி மழை வரைக்கும் தாங்கினா பெரிசுன்னுட்டுப் போனாரு. முப்பிடாதி ரெண்டு நாளாப் பள்ளிக்கூடம் போகலையாம்.

நம்ம கையில என்ன இருக்கு? செய்ய வேண்டியதைச் செஞ்சாச்சு. நீங்களும் ஊருக்குப் போனா சொல்லுங்க. ஒரு வாயில்லாச் சீவனுக்காக நாப்பத்திரண்டு பேரும் அவனவன் வலியை அவனவனே திரும்ப வாங்கிக் கால்ல போட்டுக்கிட்டு நடந்த அளம் இது. வேற எங்கயாவது கேட்டிருக்கியளா?

"நாப்பத்தொண்ணு."

யாருன்னு திரும்பிப் பாக்கிய? பிச்சம்மா மயினிதான். ஊசி பாதிச் சாக்குல நிக்குது.

"என்ன மயினி, அதிசயமா இருக்கு, சாக்கு கோவிச்சுக்கிடாது?"

"நாப்பத்தொரு பேருன்னேன். பூட்ஸைக் கழட்டும் கொழுந்தனாரே."

"கழட்டலாம், பொஞ்சாதிகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்லா." 

சிரிங்கப்பா. ஏன் ஒருத்தரும் சிரிக்க மாட்டேங்கிறிய?

"தொட்டியில எல்லாரும் காலைக் கழுவுதோம். உம்ம காலை இந்த அளத்துல யாரு பாத்திருக்கா? அன்னைக்கு நீரு நொண்டினீரு. வலது காலை இழுத்தீரு, பத்து அடி போனதும் இடது காலை இழுத்தீரு. நாப்பத்திரண்டு பேரு நொண்டி தெரிஞ்ச ஆளுக்குத் தன் நொண்டி மறந்து போச்சு. எனக்குத் தையல் கண்ணு கொழுந்தனாரே, பிரிஞ்சது எங்கன்னுதான் முதல்ல தெரியும்."

"மயினி, நான் துரும்பைக் கிள்ளினேனா இல்லையா? அம்புட்டுப் பேரும் பாத்தாவளே."

"கிள்ளினது நீரு. பேசினது யாரு? அவனவன் வாயால சொல்லணும்னான் லிங்கதுரை. நீரு ஞானதிரவியம் குரல்ல சொன்னீரு. அத்துப்போனது ஞானதிரவியம். இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தது அவருல்லா. உம்ம வாயால உமக்கு இன்னும் ஒரு வார்த்தை அது கேக்கல."

"வேடிக்கைக்குச் சொன்னது மயினி..."

"விரலுக்குப் பயந்து சொன்னது. பயம் தப்பில்ல. இங்க யாருக்கு இல்ல? அந்தப் பிள்ளைக்கு இல்லையா? எட்டு வயசுல..."

குரலை உசத்தாதிய மயினி. அந்தா பாருங்க, நீங்க சத்தம் போட்டதும் தொட்டி ஓரத்துலேர்ந்து எந்திரிக்குது. ஏ வக்கீலு, படு. படுல. அந்தக் காலோட எங்க வார? துணி அவுந்து இழுபடுது, தம்பி, அதைப் பிடிங்க. வேண்டாம், வழி விடுங்க, அது கேக்காது. வந்துட்டு. எனக்கும் மயினிக்கும் நடுவுல வந்து உக்காந்துட்டு. முதுகு என் முழங்கால்ல சூடா இருக்கு. மூஞ்சி அங்கிட்டு.

உவ்.

நிறுத்திட்டு. காதை நிமித்திக்கிட்டு இருக்கு.

உவ்.

மயினி ஊசியைக் கீழ வச்சுட்டாவ.

"எசமானைத் திட்டினாக்கூட எந்திரிக்காத நாயி, யாருக்கு வாதாட எந்திரிச்சு வந்திருக்குன்னு நீரே பாத்துக்கிடும். அதுக்கு இன்னும் ஒரு சொந்தக்காரன் பாக்கி இருக்கான். அது சாகப்போறது உம்ம காலாலதான்."